கூனன் எனப் பெயர் பெற்ற பெரியவர்

அலுவலகப் பதிவேட்டில் ஒருமுறை ஏறிவிட்ட பிழையை நீக்குவது எத்துணைக் கடினம் என்பதைக் குமாஸ்தாத் தொழில் புரிவோர் நன்கு அறிவர். அதிலும் மேலதிகாரியின் கையெழுத்தோடு ஏறிய பிழையாயின் சொல்லவே வேண்டுவதில்லை. விஞ்ஞான உலகிலும் அத்தகைய பிழை ஒன்று சுமார் அரை நூற்றாண்டுக் காலம் கோலோச்சிய வரலாற்றை அன்பர்கட்குக் கூற விழைகிறேன்.

1908-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் தேதி, பிரான்சு தேசத்து லா ஷப்பெல் ஓ சேன் என்னும் சிற்றூரில், பழம்பொருள் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த பாதிரிமார் சிலர் ஒரு குகையின் தரையில் எலும்புக்கூடு ஒன்றைக் கண்டனர். கால்களை மடக்கிக் குழியில் கிடத்தப்பட்டிருந்த அவ்வுடல், ஏறக்குறைய ஐம்பதாயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்த நியாண்டர்தால் மனிதனுடையது. 1856-இல் ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்த எலும்புகளால் அவ்வினத்திற்கு அப்பெயர் வந்தது.

எலும்புகள் பாரிஸ் நகரத்து இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையின் பேராசிரியர் மார்செலின் பூல் என்பாரிடம் போய்ச் சேர்ந்தன. 1861-இல் பிறந்த பூல், மண்ணியலில் தொடங்கி ஆதிமனித ஆராய்ச்சியில் ஐரோப்பா முழுதும் புகழ் எய்தியவர். 1911 முதல் 1913 வரை அவர் வெளியிட்ட விரிவான ஆய்வு இத்துறையின் பிரமாண நூலாகவே கொள்ளப்பட்டது. முழங்கால் நிமிராது, முதுகெலும்பில் நமக்குள்ள வளைவு இல்லை, தலை முன்னோக்கித் தொங்கும், காற்பெருவிரல் குரங்கினுடையது போல் விலகி நிற்கும் என்றெல்லாம் அவர் வரைந்தார். மூளையின் கொள்ளளவோ சுமார் 1,600 கன சென்டிமீட்டர். நம்மில் பலருடையதைக் காட்டிலும் அதிகம். அதனைக் கணக்கிட்டவரும் பூல் அவர்களே. எனினும் அது தாழ்ந்த மூளை என்றே தீர்ப்பளித்தார்! பத்திரிகைகளும் உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த, தடி ஏந்திய விலங்காகவே அம்மனிதனைச் சித்திரித்தன.

1942-இல் பூல் காலமானார். 1957-இல் ஸ்ட்ராஸ் என்னும் அமெரிக்கரும் கேவ் என்னும் ஆங்கிலேயரும் அவ்வெலும்புகளை மீண்டும் ஆராய்ந்து, அவர் கடுமையான மூட்டு நோயால் வருந்தியவர் என்றும், அவ்வினத்தார் நம்மைப் போலவே நிமிர்ந்து நடந்தவர் என்றும் எழுதினர். அவரைக் குளிப்பாட்டிச் சவரம் செய்து நவீன உடை உடுத்தினால், நியூயார்க் சுரங்க ரயிலில் எவரும் அவரை விசேஷமாகக் கவனிக்கமாட்டார்கள் என்பது அவர்களது வேடிக்கையான கருத்து. காலை வேளையில் நம் ஊர் லோக்கல் வண்டியில் ஏறுவோர் இதனை எளிதில் ஒப்புக்கொள்வர்.

நோயைப் பூல் அறியாதவரல்லர். தம் ஆய்விலேயே அதனைக் குறித்துள்ளார். இவ்வினம் நம் முன்னோர் வரிசையில் சேராது என்ற முன்முடிவே அவர் கண்ணை மறைத்தது என்பது பிற்கால அறிஞர் சிலரின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. 2019-இல் ஜூரிக் பல்கலைக்கழகத்தார் இடுப்பெலும்பையும் முதுகெலும்பையும் கணிப்பொறியில் பொருத்திப் பார்த்து, நமக்குள்ள வளைவு அவருக்கும் இருந்ததை உறுதி செய்தனர். 2010-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியோ, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் உடலில், இந்தியராகிய நம்மையும் சேர்த்து, நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு நியாண்டர்தால் மரபு உண்டெனக் காட்டிவிட்டது.

அப்பெரியவர் கடைவாய்ப் பற்களில் பெரும்பாலானவற்றை உயிரோடிருக்கையிலேயே இழந்துவிட்டார். பற்கள் இருந்த இடங்களில் எலும்பு ஆறி மூடியிருப்பதால், அதன் பின்னும் நெடுநாள் வாழ்ந்தார் என்பது புலனாகிறது. இடுப்பும் முதுகும் தேய்ந்து, வேட்டைக்குச் செல்ல இயலாத அவருக்கு இறைச்சியை நசுக்கி ஊட்டியவர் மகளோ மருமகளோ, யார் கண்டார்? அவரைக் கிடத்தியது வேண்டுமென்றே தோண்டிய குழிதான் என்பதை 2013-இல் அவ்விடத்தை மீண்டும் ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர்.