மெட்ராஸ் கணக்கில் வராத தலைகள்

டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். (வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி ஒரு வருஷம் முந்திக்கொண்டார்.) ராமமூர்த்தி 1969-ல் ஜர்னல் ஆஃப் நியூரோசர்ஜரியில் எழுதிய கட்டுரை ஒன்று கொஞ்ச நாளாக என்னை விடவில்லை. மூளை ரத்தக்குழாய் பலூன் மாதிரி புடைக்கும் அனியூரிசம், மேலைநாடுகளைவிட இந்தியாவில் குறைவு என்பது அதன் சாரம்.

நிஜமாகவே குறைவா, இல்லை கண்ணில் படவில்லையா?

அனியூரிசம் வெடித்தால் ரத்தம் பெரும்பாலும் மூளையைச் சுற்றிப் பரவும். சில பேருக்கு அது மூளைக்குள்ளே இருக்கிற வென்ட்ரிக்கிள் என்ற அறைகளுக்குள்ளும் பாய்ந்துவிடும். மொத்தம் நாலு அறை. தினமும் சுமார் அரை லிட்டர் திரவம் அங்கே ஊறி, குறுகலான வழியாக வெளியேறும். உறைந்த ரத்தம் அந்த வழியை அடைத்தால் வடிவது நின்றுபோகும், ஊறுவது நிற்காது. அழுத்தம் ஏறி ஆள் சில மணி நேரத்திலேயே நினைவிழக்கலாம். மண்டையில் துளை போட்டு, குழாய் வைத்து வடிப்பதுதான் அவசர வைத்தியம்.

இப்போ 1960களின் ஒரகடத்தை நினைத்துப் பாருங்கள். சிப்காட் இல்லை, ஆறுவழிச் சாலை இல்லை, வயலும் ஏரியும்தான். ஜெனரல் ஆஸ்பத்திரி சுமார் 50 கிலோமீட்டர். சி.டி. ஸ்கேன் உலகத்திலேயே கிடையாது. முதல் நோயாளிக்கு எடுத்ததே 1971-ல், லண்டனில். கழுத்து ரத்தக்குழாயில் ஊசி வழியாக மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால்தான் அனியூரிசம் தெரியும். அதற்கு ஆள் மெட்ராஸ் வரை உயிரோடு வரணும். வென்ட்ரிக்கிளுக்குள் கசிந்தவர் அப்படி வந்து சேர வாய்ப்பு இன்னும் குறைவு. சர்வருக்கு வராத ரிக்வெஸ்ட் லாகில் இருக்காது. எங்க தொழிலில் முதல் வருஷமே படிக்கிற பாடம் இது.

பின்னால் வந்த மருத்துவர்கள் சிலரும், நோய் குறைவல்ல, கண்டுபிடித்ததுதான் குறைவு என்று வாதிட்டார்கள். நான் பெரும்பாலும் அவர்கள் கட்சி. முழுசா இல்லை, பின்லாந்திலும் ஜப்பானிலும் இந்த நோய் அதிகம், ஆக நாட்டுக்கு நாடு வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது.

இன்றைக்கு இங்கே ஷிஃப்டில் ஒருவர் தலையில் இடி விழுந்த மாதிரி வலிக்குது என்று சரிந்தால், 2008-லிருந்து ஓடும் 108 இருக்கிறது. தண்டலம் வரை போனாலே மருத்துவக் கல்லூரி. அவர் கணக்கில் வந்துவிடுவார். அவருடைய தாத்தா காலத்து ஆட்களைத் தேடித்தான் ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவின் பழைய இறப்புப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். நாற்பது, ஐம்பது வயதில், காரணம் எழுதாமல் முடிந்த வரிகள் எத்தனை என்று எண்ண வேண்டும்.