ஹவாய்க் கிட்டாரும் தவு மோயேயும்

தெமட்டகொடையில் புகையிரத யார்டை அண்டி வாழ்வோருக்கு இரும்பின் ஓசை புதிதன்று. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு புகழின் உச்சியில் நின்ற 1950களிலும் 1960களிலும் பேஸ்லைன் வீதி வீடுகளின் சாளரங்களூடாக வேறோர் இரும்போசையும் வந்துகொண்டிருந்தது. ஹேங்க் வில்லியம்ஸ், ஜிம் ரீவ்ஸ் முதலிய அமெரிக்கப் பாடகரின் இசைத்தட்டுகள் கொழும்பில் அக்காலத்தே பெரிதும் விரும்பிக் கேட்கப்பட்டன. அத்தகைய தட்டுகளில், பாடகர் ஓரடியைப் பாடி நிறுத்தியதும், அவ்வடியின் துயரை வாங்கிக்கொண்டு விம்மி இழையும் ஒரு நாதம் பலருடைய செவியிலும் நின்றிருக்கும். வில்லியம்ஸின் தட்டுகளில் அதனை எழுப்பியவர் டொன் ஹெல்ம்ஸ். கருவியின் பெயர் ஸ்டீல் கிட்டார்.

மாடு மேய்ப்போரும் பாரவண்டி ஓட்டுவோரும் பாடும் கன்ட்ரி இசைக்கே உரிய கருவி இது என்று நம்மவர் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் அது அமெரிக்கப் பெருநிலத்தில் பிறந்ததன்று. நம்முடைய நாட்டைப் போலவே கடல் சூழ்ந்த ஒரு தீவில் பிறந்தது.

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய ஓவாஹுவில் லாயியே என்னும் ஊர் உண்டு. 1889ஆம் ஆண்டளவில் அவ்வூரிலிருந்த ஜோசப் கெகுகூ என்னும் பள்ளிச் சிறுவன் புகையிரதப் பாதை வழியே நடந்து செல்கையில் ஓர் இரும்புத் திருகாணியைக் கண்டெடுத்தான் என்றும், அது தற்செயலாகக் கிட்டாரின் தந்தியிற் பட்டபோது எழுந்த ஓசையில் உள்ளம் பறிகொடுத்தான் என்றும் ஒரு வரலாறு வழங்குகின்றது. இந்தியாவிற் பிறந்து ஹொனோலூலுவை அடைந்த கப்ரியேல் டேவியன் என்பவர் 1880களிலேயே இவ்வாறு வாசித்தார் என்று சொல்வோரும் உளர். அந்தக் கூற்று உண்மையாயின், நமது கோட்டுவாத்தியத்துக்கும் ஹவாய்க் கிட்டாருக்கும் இடையே ஒரு பழைய உறவு உண்டோ என்று கேட்கத் தோன்றும். அதனை நிறுவப் போதிய சான்று இல்லை. எனினும் முறை ஒன்றே. கோட்டுவாத்தியக்காரர் தந்தியின்மேல் கருங்காலிக் கட்டையை உருட்டிக் கமகத்தை வரவழைக்கிறார். ஹவாய்க் கலைஞர் கிட்டாரை மடியிற் கிடத்தி, தந்திகளைச் சற்று உயர்த்திக் கட்டி, உருக்குத் துண்டினால் வழுக்கி இழுக்கிறார். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் உள்ள வழி முழுவதும் கேட்பதுதான் இரண்டிலும் இன்பம்.

கெகுகூ 1904ஆம் ஆண்டில் ஊரைவிட்டுப் புறப்பட்டார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாசித்தார். 1932ஆம் ஆண்டில் நியூ ஜேர்சியில் இறந்தார். லாயியேக்கு அவர் மீளவேயில்லை. 1915ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரும் பொருட்காட்சியில் ஹவாய்க் கலைஞரின் வாசிப்பைக் கேட்ட அமெரிக்கர் அவ்விசையில் மயங்கினர். அடுத்த ஆண்டுகளில் ஹவாய் இசைத்தட்டுகள் மிகுதியாக விற்பனையாயின. கன்ட்ரி இசையின் முன்னோடியான ஜிம்மி ராட்ஜர்ஸ் 1929ஆம் ஆண்டிலேயே ஹவாய்க் கலைஞரொருவரின் கிட்டாரைத் துணைக்கொண்டு பாடியுள்ளார். 1954ஆம் ஆண்டில் பட் ஐசக்ஸ் என்பார் காலால் மிதித்துச் சுருதியை மாற்றும் கருவியைப் பிரபலமாக்கினார். அதன்பின் தீவின் பெயர் பெரும்பாலும் மறக்கப்பட்டது.

அவ்வாறு மறக்கப்பட்டவர்களுள் ஒருவர் தவு மோயே. 1908ஆம் ஆண்டில் சமோவாத் தீவிற் பிறந்த இவர், சிறுவனாயிருக்கையிலேயே பெற்றோருடன் கெகுகூவின் ஊராகிய லாயியேக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஸ்டீல் கிட்டார் பயின்று, மேடம் ரிவியேர் என்னும் பிரெஞ்சு மாதின் ஹவாய்க் குழுவிற் சேர்ந்தார். குழுவின் பாடகியான ரோஸ் இவருடைய மனைவியானார். 1928ஆம் ஆண்டில் குழு ஆசியாவை நோக்கிக் கப்பலேறியது. சிறிது காலத்தில் திரும்பலாம் என்றே புறப்பட்டிருப்பார்கள். மோயேக்கு அது ஏறத்தாழ அரை நூற்றாண்டாயிற்று.

1929ஆம் ஆண்டு தோக்கியோவில் அக்குழுவினர் எட்டுப் பாட்டுகளைப் பதிவு செய்தனர். ரோஸ் பாட, தவு மோயே வாசித்த அந்தத் தட்டுகளே அவர்களுடைய இளமைக்குச் சாட்சி. குழு பின்னர்க் கலைந்தது. மகன் லானி தாய் தந்தையருடன் மேடையில் ஆடியும் பாடியும் வளர்ந்தான். குடும்பமே குழுவாயிற்று. 1930களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் இருந்தபோது, நாட்டைவிட்டு ஓட வழி தேடிய யூதர்களின் உடைமைகளைத் தம் பயணப் பெட்டிகளில் எல்லைக்கு அப்பால் சேர்ப்பித்ததாக அவர்களே பிற்காலத்திற் கூறியுள்ளனர். இசைக்கலைஞரின் பெட்டியை அதிகாரிகள் கூர்ந்து சோதிக்கவில்லை போலும்.

யுத்த காலத்தில் அவர்கள் கல்கத்தாவில் தங்கினர். 1947 வரை அங்கிருந்தனர். நமக்கு அண்மையான பகுதி இதுவே. இராணுவத்தார் நிறைந்த அந்நகரின் பெரிய ஹோட்டல்களில் இரவு தோறும் வாசித்த மோயே, பகலில் மாணவருக்குக் கிட்டார் கற்பித்தார். அவரிடம் பயின்றவருள் கார்னி நிஸ் என்பவர் முதன்மையானவர். அலோஹா பாய்ஸ் என்னும் குழுவை அமைத்து, இந்திய வானொலியிலும் இசைத்தட்டிலும் இந்நாதத்தைப் பரப்பியவர் அவரே. வங்காளத்தில் பின்னர் ரவீந்திரநாதரின் பாட்டுகளும் சினிமாப் பாட்டுகளும் ஹவாய்க் கிட்டாரில் வாசிக்கப்பட்டன. சுனில் கங்கூலியின் தட்டுகள் வீடுகள் தோறும் ஒலித்தன. நம் நாட்டிலும் சிங்கள மெல்லிசையில் இக்கருவி இடம்பெற்றது.

பொழுதுபோக்குக் கருவி, இராகத்துக்கு ஆகாது என்று வித்துவான்கள் சிலர் ஒதுக்கியதுமுண்டு. அவர்களுக்கு விடை கூறியவர் ஜோத்பூரைச் சேர்ந்த பிரிஜ் பூஷண் காப்ரா. அலி அக்பர் கானிடம் பயின்ற அவர், 1967ஆம் ஆண்டில் சிவகுமார் சர்மாவுடனும் ஹரிபிரசாத் சௌராசியாவுடனும் சேர்ந்து பதிவு செய்த இசைத்தட்டில் இக்கிட்டாரைச் சந்தூருக்கும் புல்லாங்குழலுக்கும் சமமாக அமர்த்தினார். அவர் வழியில் வந்த விஸ்வமோகன் பட் 1994ஆம் ஆண்டில் கிராமி விருது பெற்றார். மோயே குடும்பத்தின் மேடைகளோடு ஒப்பிட இவர்களுடைய அரங்கு வேறுதான். எனினும் கல்கத்தாவில் கிட்டாரை மடியிற் கிடத்தக் கற்பித்தவர்களை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுதுதல் நியாயமாகாது.

மோயே குடும்பத்தினர் பின்னர் ஐரோப்பாவில் நெடுங்காலம் வாசித்து, முதுமையில் லாயியேக்குத் திரும்பினர். 1980களின் நடுவில் பொப் புரோஸ்மன் என்னும் அமெரிக்கக் கிட்டார்க் கலைஞருக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய இசைத்தட்டு ஒன்றை விலைக்குக் கேட்டு ஹவாயிலிருந்து ஒரு முதியவர் எழுதியிருந்தார். கையொப்பத்தைக் கண்டு புரோஸ்மன் திகைத்தார். அவர் பல்லாண்டாகப் போற்றி வைத்திருந்த 1929ஆம் ஆண்டின் பழந்தட்டுகளில் வாசித்தவர் அந்த முதியவரே! புரோஸ்மன் லாயியேக்குச் சென்று, தோக்கியோவில் பதிவான அந்த எட்டுப் பாட்டுகளையும் அக்குடும்பத்தாருடன் மறுபடி வாசித்தார். 1989ஆம் ஆண்டில் அது வெளியாயிற்று. அறுபது ஆண்டுகளுக்குப் பின் ரோஸ் அதே பாட்டுகளைப் பாடினார்.

ரோஸ் 1998ஆம் ஆண்டிலும் தவு மோயே 2004ஆம் ஆண்டிலும் காலமாயினர். கெகுகூவுக்கு வாய்க்காத சொந்த ஊர் மீட்சி தவு மோயேக்கு வாய்த்தது; கெகுகூ திருகாணியை எடுத்ததாகச் சொல்லப்படும் அந்த ஊரிலேயே இறுதி ஆண்டுகளை அவர் கழித்தார்.