கண்டிமாநகரும் அதன் சுற்றுப்புறச் சின்னங்களும்

ஈழத்திருநாட்டின் நடுவிலே, மலைகளை மதிலாகவும் மகாவலி கங்கையை அகழியாகவும் கொண்டு விளங்குவது கண்டிமாநகர். சிங்கள மக்கள் இதனைச் செங்கடகல நுவர என்றும் மகா நுவர என்றும் வழங்குவர். 1590களில் முதலாம் விமலதர்மசூரிய மன்னன் இதனைத் தன் இராசதானியாக்கி வலுப்படுத்தினான். அதன்பின் கரையோரப் பகுதிகளை முதலிற் போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் ஆண்டனர். ஆயினும் கண்டி, படையெடுப்புக்களாற் பன்முறை தீக்கிரையாகியும், 1815 ஆம் ஆண்டு வரை தன்னரசை இழந்திலது. 1988 இல் உலக மரபுரிமை நகராக ஏற்கப்பட்ட இதனைக் காண வருவோர் மிகப் பலர். கண்டவற்றின் பொருளை உணர்ந்து மீள்வோர் அத்துணைப் பலரல்லர்.

வலப்பனைப் பகுதியிலிருந்து கண்டிக்குச் செல்வோர் ஹங்குராங்கெத்தையைக் கடந்து செல்வர். அவருட் பலர், தாம் ஓர் அரசிருக்கையைக் கடந்து செல்வதை அறியார். 1664 இல் நிலம்பையிலே தனக்கெதிராகக் கலகம் மூண்டபோது, இரண்டாம் இராசசிங்கன் அவ்விடம் நீங்கி ஹங்குராங்கெத்தையைத் தன் இருப்பிடமாகக் கொண்டான். 1660 இற் சிறைப்பட்டு, 1679 இல் தப்பியோடிய ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தமது நூலிலே இவ்வரசனையும் இவ்விருக்கையையும் விரித்துரைத்துள்ளார். அரண்மனை இன்று இல்லை. அங்குள்ள பொத்குல் விகாரை அதன் நினைவைத் தாங்கி நிற்கின்றது. பழைய ஓலைச்சுவடிகள் பல அதிற் பேணப்படுகின்றன.

நகருட் புகுவோர் கண்ணை முதலிற் கவர்வது ஏரி. கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் வயல்நிலத்தை அணைகட்டி ஏரியாக்கினான். பணி 1812 அளவில் முற்றுப்பெற்றது. ஏரியின் எழிலைப் புகழ்வோர், அதனை வெட்டிய கைகளையும் நினைத்தல் வேண்டும். ஊதியமின்றி உழைக்குமாறு பணிக்கப்பட்ட குடிகளின் மனக்கசப்பு, அரசனை வீழ்த்திய காரணங்களுள் ஒன்றாயிற்று.

ஏரிக்கரையிலே தலதா மாளிகை அமைந்துள்ளது. அதன் முகப்பில் விளங்கும் எண்கோண மண்டபமாகிய பத்திரிப்புவவும் அம்மன்னன் காலத்ததே. 1998 ஜனவரி 25 இல் நிகழ்ந்த குண்டுத் தாக்குதலிலே மாளிகையின் முகப்புச் சிதைந்தது; உயிர்களும் பலியாயின. பின்னர் அது பழைய வடிவிலே திருத்தியமைக்கப்பட்டது. புதுக்கிய கல்லைப் பழைய கல்லினின்று வேறுபிரித்தல் இன்று எளிதன்று. அங்கு விழுந்த உயிர்களோ மீளா.

மாளிகையின் அருகே நாத தேவாலயம் உள்ளது. நகரிலுள்ள கட்டிடங்களுள் மிகப் பழையது இதுவே. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கற்றளியின் அமைப்பிலே தென்னிந்தியச் சிற்ப மரபின் சாயல் தெளிவாகத் தோன்றும். விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினி ஆகியோருக்கும் தனித்தனித் தேவாலயங்கள் உண்டு. பத்தினி என்பாள் தமிழர் போற்றும் கண்ணகியே. ஆண்டுதோறும் எசல பெரகராவிலே புனித தந்தப் பேழையோடு இந்நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் சேர்ந்து செல்கின்றன.

மரத்தூண்கள் வரிசையாக நிற்கும் மகுல் மடுவ என்னும் அரச மண்டபம் அடுத்துக் காணத்தக்கது. 1815 மார்ச் 2 இல், கண்டி இராச்சியத்தை ஆங்கிலேய முடிக்கு உரித்தாக்கிய ஒப்பந்தம் இங்கேதான் வாசிக்கப்பட்டது. அதிற் கையொப்பமிட்ட சிங்களப் பிரதானிகளுட் சிலரின் கையொப்பங்கள் தமிழ் எழுத்துக்களில் அமைந்துள்ளன. அவ்வொப்பந்தத்தால் முடியிழந்த மன்னனோ மதுரை நாயக்கர் வழியினன். 1739 இல் வீர நரேந்திரசிங்கன் இறந்தபின், அவனுடைய தேவியின் சகோதரன் ஸ்ரீ விஜய இராசசிங்கன் என்னும் பெயரோடு அரியணை ஏறினான். அன்று தொடங்கி நான்கு நாயக்க மன்னர் கண்டியை ஆண்டனர். அவருள் இரண்டாமவனான கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்திலேதான், 1753 இல் சீயத்திலிருந்து உபாலி தேரர் முதலிய பிக்குகள் வருவிக்கப்பெற்று, வழக்கொழிந்திருந்த உபசம்பதா மரபு மீண்டும் நிலைபெற்றது. கடைசி மன்னன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832 இல் அங்கே உயிர் நீத்தான்.

நகரின் தென்மேற்கே கம்பளைக் கால ஆலயங்கள் உள்ளன. நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியில், 1344 இல், கடலாதெனிய விகாரையைக் கல்லினாற் சமைத்தவர் கணேசுவராசாரி என்னும் தென்னாட்டுச் சிற்பி. அவ்வாண்டிலேயே எழுந்த லங்காதிலக விகாரையிலே புத்தர் சந்நிதியைச் சூழ விபீடணர், கணபதி முதலிய தெய்வங்களுக்கும் இடம் வகுக்கப்பட்டுள்ளது. அங்குள்ள பாறையிலே சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டிருக்கின்றது. எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்களோ அன்னமும் இரட்டைத்தலைக் கழுகும் மல்லரும் செதுக்கப்பெற்றுக் காண்போரை வியப்பிலாழ்த்துகின்றன.

இச்சான்றுகளை நோக்குவார் இருவகைப் பிழைகளுக்கு இடங்கொடுத்தலாகாது. கண்டியின் பெருமை ஓரினத்தவருக்கே உரியது, தமிழுக்கு அதிற் பங்கில்லை என்பது ஒரு பிழை. லங்காதிலகப் பாறையே அதனை மறுக்கும். நாயக்க மன்னர் தென்னாட்டினராதலின் மலையகத் தமிழ் மக்கள் அவர் வழித்தோன்றல்களே என்பது மற்றொரு பிழை. இத்தோட்ட மக்களின் முன்னோர் அம்மன்னருடன் வந்தவரல்லர். அரசு வீழ்ந்தபின், ஆங்கிலேயர் கோப்பித் தோட்டங்களைத் திறந்த காலந்தொட்டு, மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து வந்தவர் அவர். வழியிலே நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். 1867 இற் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அவ்வாண்டிலேயே ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராகத் தொடங்கினார். மலைச்சரிவுகளைத் தோட்டங்களாக்கிய உழைப்பு இம்மக்களுடையது. ஆயினும் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 2003 ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியோருக்கு உரிமை பெறும் வழியைத் திறந்தது.

ஆகவே, மலையக மாணவன் கண்டியிலே உரிமையோடு நிற்பதற்கு மன்னர் குலத்தோடு உறவு கற்பித்தல் வேண்டா. இந்நகர் பல கைகளாற் சமைந்ததென்பதற்கு இங்குள்ள கல்லும் மரமும் சான்று பகர்கின்றன. கணேசுவராசாரியின் பெயரைச் சாசனம் காத்தது. ஏரியை வெட்டிய சிங்களக் குடிகளுக்கும் தோட்டங்களைத் திருத்திய தமிழ்த் தொழிலாளருக்கும் அப்பேறு வாய்த்திலது. அவர்தம் பெயர் எந்தச் சாசனத்திலும் இல்லை. அவர்தம் உழைப்போ கண்ணெதிரே உள்ளது. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் மன்னரின் ஆட்சியாண்டுகளைக் கூறியதோடு அமையாது, ஏரிக்கரையிலே சற்று நின்று இதனையும் எடுத்துரைப்பாராயின், அச்சுற்றுலா பயனுடைய கல்வியாகும்.