சிவகாசிக் காலண்டர்: ஒரு வணிக அன்பளிப்பின் வரலாறு

தமிழ்நாட்டில் கடைகளும் நிறுவனங்களும் ஆண்டுதோறும் தம் வாடிக்கையாளருக்கும் பணியாளருக்கும் வழங்கும் அன்பளிப்புகளில் மிகப் பரவலான ஒன்று சுவர்க் காலண்டர். விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த சிவகாசி இதன் முதன்மையான உற்பத்தி மையமாகும். நகைக்கடை, துணிக்கடை, வங்கி, கூட்டுறவுச் சங்கம், மளிகைக்கடை எனப் பெரியதும் சிறியதுமான எல்லா வணிகத்தாரும் இதை வழங்கி வந்துள்ளனர். விலை குறைந்த இப்பொருள் பல தலைமுறைகள் நிலைத்ததற்கு முக்கியக் காரணம், கொடுப்பவரின் விளம்பரத்தைவிடப் பெறுபவரின் அன்றாடத் தேவைக்கு அதில் அதிக இடம் இருந்ததே ஆகும்.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்லச்சு முறையால் வண்ணப் படங்களைப் பெருமளவில் அச்சிட முடிந்தது. ஓவியர் ராஜா ரவிவர்மா (1848–1906) 1894இல் பம்பாயில் அச்சகம் ஒன்றைத் தொடங்கினார். அங்கு அச்சான இலட்சுமி, சரசுவதி முதலிய படங்கள், ஓவியம் வாங்க வசதியற்ற வீடுகளின் சுவர்களுக்கும் வந்து சேர்ந்தன. பின்னர் அந்த அச்சகத்தை வாங்கிய ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைக்கர், நிறுவனங்களுக்கான விளம்பரச் சீட்டுகளையும் அச்சிட்டார். கடவுள் படத்தோடு ஒரு நிறுவனத்தின் பெயரும் வீட்டுக்குள் செல்லலாம் என்பதை வணிகர்கள் இக்காலத்தில் உணர்ந்தனர்.

சிவகாசியில் அச்சுத்தொழில்

மழை குறைந்த வானம் பார்த்த பூமியான சிவகாசியில் வேளாண்மையை மட்டும் நம்பிப் பிழைப்பது கடினமாக இருந்தது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கும், அதைத் தொடர்ந்து பட்டாசுக்கும் வண்ண லேபிள்கள் தேவைப்பட்டதால் ஊரிலேயே அச்சகங்கள் தோன்றின. லேபிள் அச்சிட்ட அதே எந்திரங்களும் அதே தொழிலாளரின் கைத்திறனும் காலண்டர் தொழிலுக்கு அடித்தளமாயின. வறண்ட வானிலை தீப்பெட்டிக்கு உதவியது போலவே, அச்சிட்ட தாள் விரைவில் உலரவும் உதவியது.

ஓவியர்கள்

காலண்டர் படங்களுக்குத் தனி மரபை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற இவர், நாடகக் குழுவில் திரைச்சீலை ஓவியராகப் பணியாற்றியவர். நாடகத் திரையின் ஆழமும் ஒளியும் இவர் வரைந்த தெய்வப் படங்களில் காணப்படுகின்றன. இவருடைய மாணவர்களும் இம்மரபில் தொடர்ந்து வரைந்தனர். ஆண்டு முடிந்த பின்பும் பலர் இப்படங்களைக் குப்பையில் எறிய மனமின்றி வெட்டியெடுத்துச் சட்டமிட்டு மாட்டினர். இதனால் அன்பளிப்பின் ஆயுள் 12 மாதங்களைக் கடந்து நீண்டது.

படத்தைத் தேர்ந்தெடுத்தல்

சிவகாசி அச்சகங்கள் அடுத்த ஆண்டுக்குரிய மாதிரிகளைத் தொகுத்து 'ஆல்பம்' ஒன்றை வெளியிடும். ஆடிப்பெருக்கு நாளில் பூசையிட்டு இதை வெளியிடுவது வழக்கம். முகவர்கள் ஆல்பத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்று ஆர்டர் பெறுவர். படம் முன்னரே அச்சாகியிருக்கும். கடையின் பெயரும் முகவரியும் பின்னர் அதற்கென விடப்பட்ட வெற்றிடத்தில் அச்சிடப்படும். இந்த முறையால் சில நூறு பிரதிகள் மட்டுமே வேண்டுகிற சிறு கடைக்காரரும் வண்ணக் காலண்டர் வழங்க முடிந்தது.

ஆல்பத்தில் பிள்ளையார், முருகன், இலட்சுமி ஆகியோரோடு மெக்கா, வேளாங்கண்ணி மாதா, இயேசு, இயற்கைக் காட்சி, குழந்தைகள், தலைவர்கள் எனப் பல வகைப் படங்கள் இருக்கும். எல்லாச் சமயத்தாரும் வந்துபோகும் கடையின் உரிமையாளர் ஒரே படத்தை வாங்காமல், யார் வீட்டுச் சுவரில் எது தங்கும் என்று எண்ணிப் பிரித்து வாங்குவார். படம் பிடிக்காத காலண்டர் ஆணியில் ஏறாது. ஆணியில் ஏறாத காலண்டரில் கடையின் பெயர் இருந்தும் பயனில்லை.

தினசரித் தாள்

மாதக் காலண்டரைவிடத் தமிழகத்தில் தினசரிக் காலண்டருக்கு வரவேற்பு மிகுதி. நாள்தோறும் கிழிக்கும் சிறு தாளில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம், இராசி பலன் ஆகியவை இடம்பெறும். மும்மதப் பண்டிகைகளும் அரசு விடுமுறைகளும் குறிக்கப்பட்டிருக்கும். பெண் பார்க்கப் போகும் நாள், கடனைத் திருப்பும் நாள், விதைக்கும் நாள் எல்லாம் இத்தாளைப் பார்த்து முடிவாயின. பஞ்சாங்கம் வாசிக்கத் தெரிந்தவரைத் தேடிச் செல்லும் தேவையைக் கடைக்காரரின் இலவசப் பொருள் பெருமளவு குறைத்தது.

பணியாளரும் அன்பளிப்பும்

பணியாளருக்குத் தீபாவளிக்கு இனிப்பும் புத்தாடையும், புத்தாண்டுக்குக் காலண்டரும் டைரியும் தருவது பல நிறுவனங்களின் வழக்கம். ஆனால் போனஸ் இவ்வரிசையிலிருந்து விலகிவிட்டது. 1965ஆம் ஆண்டின் போனஸ் வழங்கல் சட்டத்தால், அச்சட்டம் பொருந்தும் நிறுவனங்களில் போனஸ் தொழிலாளியின் உரிமையாயிற்று. அதன் குறைந்தபட்ச அளவு பின்னர் ஊதியத்தில் 8.33 விழுக்காடாக வகுக்கப்பட்டது. அன்பளிப்பு உரிமைக்கு மாற்றாகாது. உரியதைக் கொடுத்த பிறகு கொடுக்கும்போதுதான் காலண்டரும் இனிப்பும் அன்பின் அடையாளமாகின்றன.

அண்மைக்கால மாற்றங்கள்

கைப்பேசியில் தேதியும் நல்ல நேரமும் கிடைக்கத் தொடங்கியதால் காலண்டரின் தேவை குறைந்தது. 2020 செப்டம்பர் 2 அன்று ஒன்றிய நிதி அமைச்சகம், அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வங்கிகளும் சுவர்க் காலண்டர், மேசைக் காலண்டர், டைரி, வாழ்த்து அட்டை ஆகியவற்றை அச்சிடுவதை நிறுத்தி மின்னணு வடிவத்துக்கு மாறுமாறு ஆணையிட்டது. பெருந்தொற்றால் கடைகளின் வருவாய் குறைந்திருந்த ஆண்டில் வந்த இந்த ஆணை, மொத்த ஆர்டர்களை நம்பியிருந்த அச்சகங்களுக்கு மேலும் ஓர் இடியாயிற்று. அச்சடிப்போர், தாள் வெட்டுவோர், கட்டுக் கட்டுவோர், அட்டை ஒட்டுவோர், முகவர்கள் எனப் பலரின் பிழைப்பு இத்தொழிலைச் சார்ந்துள்ளது.

எனினும் தினசரிக் காலண்டர் மறைந்துவிடவில்லை. மார்கழியில் மளிகைச் சாமான் வாங்கிவிட்டு, "அண்ணாச்சி, காலண்டர் வந்துருச்சா?" என்று கேட்கும் வழக்கம் இன்றும் உண்டு. பெறுபவர் தாமே கேட்டு வாங்கும் வணிக அன்பளிப்புகள் மிகச் சிலவே. அவற்றுள் சிவகாசிக் காலண்டரும் ஒன்று.