கௌதாரி இறகும் பட்டு நூலும்

டிரவுட் மீனைப் பிடிக்க இறகாலும் நூலாலும் ஈயைப் போலச் செய்து தூண்டில் முள்ளில் கட்டுவது ஆங்கிலேயரின் பழங்கலை. 1496இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சேறிய நூலொன்று இத்தகைய ஈக்கள் 12இனைக் கூறுகின்றது. அவற்றுள் ஒன்றற்குக் கம்பளி உடல், கௌதாரிச் சிறகு.

வட இங்கிலாந்தின் விரைந்தோடும் ஆறுகளில் இக்கலை மிக எளிய வடிவம் பெற்றது. முள்ளின் தண்டில் செம்மஞ்சள் பட்டு நூலைச் சுற்றி, தலைப்பில் கௌதாரியின் மெல்லிறகை ஓரிரு சுற்றுச் சுற்றி முடிந்தால் ஈ ஆயத்தம். நீரோட்டத்தில் இறகின் இழைகள் அசையவே, ஆற்றடியினின்று மேலெழும் பூச்சியென மீன் மயங்கும். 1857இல் ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட்டும் 1885இல் யார்க்‌ஷயரின் பிரிட்டும் இவ்வகை ஈக்களைத் தம் நூல்களில் பதிந்தனர்.

ஆயினும் 1886இல் ஹால்ஃபோர்டு வெளியிட்ட நூலுக்குப் பின், தென்னிங்கிலாந்தில் நீர்மேல் மிதக்கும் ஈயே மேன்மையுடையதெனப்பட்டது. அமிழும் ஈ இகழப்பட்டது. மீன் தன் உணவில் பெரும்பகுதியை நீருக்குள்ளேயே கொள்கின்றது என்பதை உணர்ந்த ஸ்கியூஸ் என்னும் வழக்கறிஞர், 1910இல் அமிழும் ஈக்காக வாதாடி நூலெழுதினார். 1975இல் அமெரிக்காவில் சில்வெஸ்டர் நெம்ஸ் எழுதிய நூல் மெல்லிறகு ஈக்கு மறுவாழ்வு தந்தது. கடலினின்று ஆறேறும் ஸ்டீல்ஹெட் மீனுக்கும் இன்று அதனைக் கட்டுகின்றனர். அதற்கு வேண்டுவன இன்றும் சிறிது பட்டு நூலும் ஒரு கௌதாரி இறகுமே.