முன்பே விதைத்த மந்தம்: சப்ரகமுவ இறப்பர்த் தோட்டங்களும் அரசின் மீட்பு முயற்சிகளும், 1922–1939

1930களின் பெருமந்தத்தை 1929 அக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவது வழக்கம். இலங்கைத் தேயிலைக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். எஹலியகொடவிலிருந்து அவிசாவளை, யட்டியாந்தோட்டை, கேகாலை வரை பரந்து கிடக்கும் இறப்பர் நிலத்துக்கு அது பொருந்தாது. இங்கே விலை அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே விழத் தொடங்கிவிட்டது. 1928 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் பால்ட்வின், ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டம் நவம்பரோடு முடியும் என்று அறிவித்தார். அந்த அறிவிப்போடு இறப்பர் விலை சரிந்தது. நியூயோர்க் நெருக்கடி ஏற்கெனவே நோயில் கிடந்த உடம்பைத்தான் தாக்கியது. அந்த நோயின் வேர் முந்தைய மீட்பு முயற்சி ஒன்றில் இருந்தது என்பதும், அடுத்து வந்த மீட்பும் சுமையை அதே தோள்களில்தான் ஏற்றியது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதல் உலகப் போருக்குப் பின் விழுந்த விலையைத் தூக்கி நிறுத்த, 1922 நவம்பரில் மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதியைக் குறைத்தன. அதுவே ஸ்டீவன்சன் திட்டம். 1925இல் இலண்டனில் ஒரு இறாத்தல் இறப்பர் நான்கு ஷில்லிங்கைத் தாண்டியது. தோட்டக் கம்பெனிகளுக்கு அது பொற்காலம். ஆனால் டச்சு கிழக்கிந்தியா அந்தத் திட்டத்தில் சேரவே இல்லை. நாம் மரத்தை ஓய்வில் விட்டு உயர்த்திய விலையைப் பார்த்து சுமாத்திராவிலும் போர்னியோவிலும் சிறு விவசாயிகள் ஏராளமாக நட்டார்கள். இறப்பர் மரம் பால்வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டு செல்லும். அப்படியானால் 1925, 1926இல் நட்ட கன்று 1931க்கும் 1933க்கும் இடையில் சந்தைக்கு வரும். உலக இறப்பரில் பாதிக்கு மேல் வாங்கிய அமெரிக்காவில் வாகன உற்பத்தி 1929இல் ஏறத்தாழ 53 இலட்சமாக இருந்து, 1932இல் 13 இலட்சம் அளவுக்குச் சுருங்கியது. புதுக் காடுகள் பால் தரத் தொடங்கிய அதே வேளையில் சக்கரங்கள் நின்றுவிட்டன. 1932இல் இறாத்தல் விலை இரண்டு பென்சுக்கும் கீழே போனது. கேள்வி சுருங்கியது மட்டுமே காரணம் என்போர், வழங்கல் ஏன் அத்தனை பெருகியிருந்தது என்பதற்கு விடை சொல்ல வேண்டும்.

1912இல் இரத்தினபுரி வரை நீண்ட களனிப் பள்ளத்தாக்கு ரயில்பாதை எஹலியகொடவின் இறப்பரைக் கொழும்புத் துறைமுகத்தோடு இணைத்தது. அதே பாதையில் கடனும் வந்தது. பிரித்தானிய வங்கிகள் உள்ளூராருக்கு நேரே கடன் கொடுப்பது அரிது. வங்கியில் வாங்கிய பணத்தை நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கூடுதல் வட்டிக்குக் கிராமத்துக்கும் சிறுதோட்டக்காரருக்கும் கொடுத்தார்கள். மந்தத்தில் வங்கிகள் கயிற்றை இறுக்க, செட்டியார்கள் கடனைத் திருப்பிக் கேட்க, அடைமானக் காணிகள் கைமாறின. அந்தக் கசப்பு தமிழ் வட்டிக்காரருக்கும் சிங்களக் கிராமத்தாருக்கும் இடையிலான பகையாகப் பேசப்பட்டது. வங்கி முதலிலேயே கதவடைத்தது என்ற உண்மை அந்தப் பேச்சில் மறைந்துபோனது. 1934இல் பொச்கானவாலா தலைமையிலான வங்கி ஆணைக்குழு இந்தக் குறையைப் பதிவு செய்தது. இலங்கை வங்கி 1939இல்தான் பிறந்தது.

அரசின் உடனடி நடவடிக்கைகள் கூலியின் மீதே பாய்ந்தன. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ், தாழ்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40, பிள்ளைக்கு 30 என்று நாட்கூலி வகுக்கப்பட்டிருந்தது. மலைநாட்டில் அது 54, 43, 32. ஆக, இறப்பர்த் தொழிலாளி தொடக்கத்திலேயே கடைசிப் படியில் நின்றார். 1931க்கும் 1933க்கும் இடையில் இந்த விகிதங்கள் படிப்படியாக வெட்டப்பட்டன. டொனமூர் யாப்பின் கீழ் வந்த முதல் அரசாங்க சபையில் தொழில் அமைச்சராக இருந்தவர் மலையகத் தமிழரான பெரி. சுந்தரம். அவர் அமைச்சராக இருந்த காலத்தில்தான் அந்த வெட்டுகள் வந்தன. எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களில் கோ. நடேசய்யர் முதன்மையானவர்.

அரிசி விலையும் அப்போது விழுந்தது, ஆகவே உண்மைக் கூலி பெரிதாகக் குறையவில்லை என்று கூலிவெட்டை நியாயப்படுத்துவோர் வாதிடுவர். அரிசி மலிந்தது உண்மைதான். ஆனால் சட்டம் வகுத்த விகிதம் செக்ரோல் எனும் தோட்ட வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்த நாளுக்கு மட்டுமே. பால்வெட்டு நிறுத்திய மலையில் பேர் ஏது? இரத்தினபுரி மாவட்டத்தின் காலை மழையே பல வெட்டு நாட்களைத் தின்றுவிடும். அதன்மேல் விலைச் சரிவும் சேர்ந்தால் எஞ்சுவது என்ன? தகப்பன், தாய், ஒரு பிள்ளை என்று மூவரும் வேலைக்குப் போனால் ஒரு லயக் குடும்பத்துக்குப் பழைய விகிதத்தில் ஒரு நாளைக்கு ஒரு ரூபா 20 சதம் கிடைக்கும். பிள்ளையின் பேர் ஒன்று விழாவிட்டால் போதும், வருமானத்தில் கால்பங்கு போய்விடும். அரிசி எத்தனை மலிந்தாலும் அந்தக் கால்பங்கை ஈடுசெய்யாது.

வேலை இழந்தோரை அரசு தன் செலவில் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பியது. தலைமன்னாரில் கப்பல் ஏறி மண்டபம் முகாம் வழியே போனவர்கள் இலங்கையின் வேலையின்மைக் கணக்கிலிருந்து மறைந்தார்கள். வேலையின்மை குறைந்தது என்று இதைச் சொல்வது தவறு. அது கடலுக்கு அப்பால் நகர்த்தப்பட்டது, அவ்வளவுதான்.

விலையை உண்மையில் உயர்த்தியது 1934 மே மாதம் ஒப்பமான சர்வதேச இறப்பர் ஒழுங்குபடுத்தல் ஒப்பந்தம். இம்முறை டச்சு கிழக்கிந்தியாவும் சேர்ந்தது. இலங்கைக்கு முதலாண்டு அடிப்படை ஒதுக்கீடு 77,500 தொன். புதிய நடுகை தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டு விலை ஆறு பென்சு அளவுக்கு ஏறியது. கட்டுப்பாடு இல்லாவிட்டால் தோட்டங்களே மூடப்பட்டிருக்கும், தொழிலாளிக்கு அது இன்னும் கேடாக இருந்திருக்கும் என்ற வாதம் வலுவானது. அதை முழுதாக மறுக்க நான் முனையவில்லை. விலை ஏறியதும் மண்டபம் வழியே ஆட்கள் மீண்டும் வந்ததும் உண்மை. ஆனால் ஏறிய விலை யாருக்குப் போனது என்பதைக் கூப்பன் முறையே காட்டிவிடுகிறது. ஏற்றுமதி உரிமை மரத்துக்குச் சொந்தக்காரரின் பேரில் கூப்பனாக வழங்கப்பட்டது. கூப்பனுக்கு என்று தனிச் சந்தை உருவாயிற்று. மரத்தில் கத்தி வைக்காமலே கூப்பனை விற்றுக் காசு பார்க்கலாம். அப்போது உடைமையாளருக்கு வருமானம் வந்தது, வெட்டுக்காரருக்குப் பேர் விழவில்லை. காணி இருந்தும் நடாமல் விட்டிருந்த கிராமத்தாருக்கு நடுகைத் தடையால் அந்தக் கதவும் சாத்தப்பட்டது.

இந்த ஏமாற்றம் எங்கே வெடித்தது என்பதற்குத் தேர்தல் முடிவுகள் சான்று. 1934 பிற்பகுதியில் தொடங்கிய மலேரியா கேகாலை மாவட்டத்தையும் கடுமையாகத் தாக்கியது. தீவு முழுதும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். மந்தத்தில் வற்றிய உடம்புகளுக்குக் காய்ச்சலைத் தாங்கும் வலு இருக்கவில்லை. அங்கே நிவாரணப் பணி செய்த இளைஞர்கள் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினர். மறு ஆண்டே பிலிப் குணவர்த்தன அவிசாவளையிலும் என்.எம். பெரேரா றுவான்வெல்லையிலும் வென்றனர். இரண்டும் இறப்பர் சூழ்ந்த தொகுதிகள்.

லயங்களில் எஞ்சியவர்களுக்கு வேறொரு பின்விளைவு காத்திருந்தது. வேலை குறைந்தால் இந்தியத் தொழிலாளியைத் திருப்பி அனுப்பலாம் என்பது மந்த காலத்தில் நடைமுறையாகிப் போனது. 1939இல் இலங்கை அரசு தன் திணைக்களங்களில் இருந்த இந்திய நாட்கூலியாட்களை நீக்க முனைந்தபோது அந்த நடைமுறையே கொள்கையானது. பதிலுக்கு இந்திய அரசு அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல் தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதைத் தடை செய்தது. ஊரில் ஒரு சாவுக்கோ கல்யாணத்துக்கோ போன சப்ரகமுவத் தொழிலாளிக்கு, திரும்பி வந்து பால்வாளியைத் தூக்கும் வழி அன்றோடு அடைபட்டது.