உங்க தோட்டத்துக் கோயில் மலர் தேசிய நூலகத்துல இருக்கா?

மந்தினைச் சுற்றி, பஜாம், பாத்தாங் பெனார், லாபு என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். பிறகு சில தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில, ‘தாமான்’ என்று பெயர் வைத்த வீடமைப்புப் பகுதிகள் ஆயின. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் கோலாலம்பூருக்கும் பிரிந்து போனார்கள்.

இப்போ உங்க பாட்டி அந்தப் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்தவங்கன்னு வச்சுக்குவோம். அந்தத் தோட்டம் இருந்ததற்கு உங்க வீட்டில் என்ன அத்தாட்சி இருக்கும்? பிறப்புப் பத்திரம். ரெண்டு மூணு புகைப்படம். அதோட, ஒரு கோயில் கும்பாபிஷேக மலரோ, தமிழ்ப்பள்ளி ஆண்டு மலரோ, மணிமன்ற விழாவின் நிகழ்ச்சி நிரலோ இருக்கலாம். அட்டை கிழிந்து, பழைய பிஸ்கட் டின்னுக்குள்.

அந்த மலரின் இன்னொரு பிரதி தேசிய நூலகத்தில் இருக்கா? இருந்தால் நீங்க எப்படிப் பார்க்கிறது? இல்லைன்னா யார் கொடுக்கணும்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்துகொள்ள முதலில் ஒரு சட்டத்தைப் பற்றிப் பேசணும்.

*5 பிரதி, ஒரு மாதம்*

கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில், மலாய்க்காரர்களின் தெங்கோலோக் தலைப்பாகை வடிவக் கூரையோடு நிற்கும் கட்டடத்தைப் பார்த்திருப்பீங்க. அதுதான் மலேசியத் தேசிய நூலகம். 1972ஆம் ஆண்டின் தேசிய நூலகச் சட்டப்படி அது இயங்குகிறது. ஆனால் அங்கே நூல்கள் வந்து சேர்வதற்கு முக்கியமான காரணம் வேறொரு சட்டம்: 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம்.

சொல்வது சுலபம். மலேசியாவில் பொதுமக்களுக்காக ஒரு நூலையோ சஞ்சிகையையோ யார் வெளியிட்டாலும், வெளியான ஒரு மாதத்துக்குள் 5 பிரதிகளை இலவசமாகத் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்கணும். ஒலிநாடா, குறுந்தட்டு போல அச்சில் இல்லாதவை என்றால் 2 பிரதி. தவறினால் அபராதமும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது ‘வெளியிட்டவர்’ என்ற சொல். பெரிய பதிப்பகத்துக்கு இது தெரியும், அனுப்பிவிடும். ஆனால் தோட்டத்துக் கோயில் மலரை வெளியிடுவது யார்? திருவிழாக் குழு. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் காலையில் மரம் வெட்டிவிட்டு மாலையில் கூட்டம் போடுகிறவர்கள். மலரை அச்சடிக்கவே கடைகடையாக விளம்பரம் கேட்டு அலைந்திருப்பார்கள். சட்டம் ஒன்று இருப்பதை அவர்களிடம் யார் போய்ச் சொன்னது? அதனால்தான் நம்ம தோட்டத்து அச்சுப் பொருள்களில் எத்தனையோ, நூலகத்தின் வாசலுக்கே போகாமல் வீட்டு அலமாரியில் நின்றுவிட்டன. யாரும் அவற்றைத் தடுக்கவில்லை. யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

*வந்து சேர்ந்தது எப்படி நம்மிடம் வருது?*

நூலகம் ‘பகிர்கிறது’ என்றால் எல்லாமே போனில் திறக்கும் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அதில் மூன்று படி இருக்கு.

முதல் படி, பட்டியல். ‘இப்படி ஒரு நூல் உண்டு’ என்று பதிவதே பெரிய வேலை. மலேசியத் தேசிய நூற்பட்டியல் 1967 முதல் வெளிவருகிறது. தமிழுக்கென்றே தனியாக ஒரு முயற்சியும் நடந்திருக்கு: மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்களையும் இதழ்களையும் இராம. சுப்பையா தொகுத்தார். ‘தமிழ் மலேசியானா’ என்ற அந்தப் பட்டியலை 1969இல் மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. கணினி இல்லாத காலத்தில் ஒவ்வொரு நூலாகக் கையில் எடுத்துப் பார்த்துச் செய்த வேலை. இன்றைக்கும் ஆய்வாளர்கள் அதைத் தேடிப் போகிறார்கள்.

இரண்டாம் படி, நேரில் போய்ப் படிப்பது. ஒப்படைக்கப்பட்ட பிரதிகள் காப்பதற்காக வாங்கப்பட்டவை. அவற்றை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது; அங்கேயே உட்கார்ந்து படிக்கணும்.

மூன்றாம் படிதான் மின்படிமம். அதற்கு ஆள், பணம், அனுமதி மூன்றும் வேணும். அதனால் எதை முதலில் செய்வது என்று நூலகம் தேர்ந்தெடுக்கும். நம்ம தேசிய நூலகத்தின் பெருமைக்குரிய சேர்க்கை மலாய்க் கையெழுத்துச் சுவடிகள். அங்குள்ள ஹிக்காயாட் ஹங் துவா சுவடியை யுனெஸ்கோ 2001இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. அதற்குக் கிடைக்கும் கவனம் நியாயமானதே. தோட்டத்து மலர் அந்த வரிசையில் எப்போ வரும் என்பது வேறு கேள்வி. முதல் படியிலேயே இல்லாத ஒன்று மூன்றாம் படிக்கு வரவே முடியாது.

*தேடும்போது ‘எச்’ போடாதீங்க*

இது பலருக்குத் தெரியாத விஷயம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் உட்பட உலகின் பெரிய நூலகங்கள் பலவும் தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் பதியும்போது ஒரு நிலையான முறையைப் பின்பற்றுகின்றன. அது நாம் வாட்ஸ்அப்பில் எழுதும் முறை இல்லை.

அந்த முறையில் ‘த’ என்றால் வெறும் ‘டி’ எழுத்து மட்டும். பின்னால் ‘எச்’ கிடையாது. ‘ச’ என்றால் ‘சி’ எழுத்து, ‘எஸ்’ இல்லை. ‘க’ எங்கே வந்தாலும் ‘கே’, ‘ஜி’ கிடையாது. ஆக, தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் ‘சங்கமணி’ இதழைத் தேடுகிறவர் ‘எஸ்’ஸில் தொடங்கினால் கிடைக்காமல் போகலாம். ‘சி’யில் தொடங்கி, நடுவில் ‘கே’ போட்டுப் பாருங்க. ‘தோட்டம்’ என்ற சொல்லையும் ‘எச்’ இல்லாமல் அடிக்கணும். மந்தின் மட்டும் தப்பிச்சுது: சாலைப் பலகையில் இருக்கிற அதே ஆறு எழுத்துதான்.

இன்னொரு சிக்கல் தோட்டத்தின் பெயர். கம்பெனிக் கணக்கில் ஒரு ஆங்கிலப் பெயர் இருக்கும். தொழிலாளர்கள் கங்காணி பெயரிலோ செட்டியார் பெயரிலோ வேறு பெயர் சொல்லுவார்கள். நூலகப் பட்டியலுக்கும் அரசாங்கக் கோப்புக்கும் முதல் பெயர்தான் தெரியும். இரண்டு பெயரையும் சேர்த்து வைக்கத் தெரிந்தவர் உங்க பாட்டிதான். முதல்ல அவங்ககிட்ட கேளுங்க, பிறகு தேடுங்க.

*மந்தினைத் தேடிச் சிங்கப்பூருக்கு*

மலாயாவும் சிங்கப்பூரும் ஒரே பத்திரிகை வட்டாரமாக இருந்த காலம் அது. கோ. சாரங்கபாணி 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு நம்ம தோட்டங்களிலும் படிக்கப்பட்டது. 1950களில் அதில் வந்த மாணவர் மணிமன்றப் பக்கத்துக்கு மலாயா முழுக்க வாசகர்கள் இருந்தார்கள். நம்ம ஊர் மணிமன்றங்களின் வேரே அதுதான்.

சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய தமிழ் முரசு இதழ்களையும், அந்தக் கால ஆங்கில நாளிதழ்களையும் படிமமாக்கி ‘நியூஸ்பேப்பர் எஸ்ஜி’ என்ற தளத்தில் வைத்திருக்கு. பழைய இதழ்கள் பலவற்றை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். புதியவை சிலவற்றுக்கு நேரில் போகணும். ஆங்கில நாளிதழ்களில் ஊர்ப் பெயரை அடித்துத் தேடுவது சுலபம். தமிழ்ப் பக்கங்களில் ஆண்டையும் மாதத்தையும் வைத்துப் புரட்டிப் பார்ப்பதே நல்லது. பழைய வடிவ ‘லை’, ‘ணை’ எழுத்துகளும் மங்கிய அச்சும் கணினிக்குக் கண்ணைக் கட்டிவிடும்.

சிங்கப்பூரில் இன்னொன்றும் நடந்தது. 1965 முதல் 2015 வரை அங்கே வெளியான தமிழ் இலக்கிய நூல்களில் 300க்கும் மேற்பட்டவற்றைத் தொண்டூழியர்களும் தேசிய நூலகமும் சேர்ந்து 2015இல் மின்வடிவமாக்கினார்கள். எழுத்தாளர்களையும் அவர்கள் குடும்பங்களையும் தேடிப் போய் அனுமதி வாங்கியிருக்காங்க. அந்த அனுமதி ஏன் வேணும்? மலேசியாவில் ஒரு படைப்பின் பதிப்புரிமை, எழுதியவர் வாழும் காலத்துக்கும் அவர் இறந்த பிறகு 50 ஆண்டுக்கும் நீடிக்கும். சிங்கப்பூரில் 70 ஆண்டு. ஒரு பள்ளி மலரில் 20 பேர் எழுதியிருந்தால் 20 உரிமை. நூலகம் ஸ்கேன் செய்து போட வேண்டியதுதானே என்று நாம் கேட்பதற்குப் பாதிப் பதில் இதில் இருக்கு.

*மலரெல்லாம் ஒரு புத்தகமா?*

சிலர் இப்படிக் கேட்பார்கள். தமிழ்நாட்டில் கோட்டையூர் ரோஜா முத்தையா அப்படி நினைக்கவில்லை. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். நூல்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் எல்லாவற்றையும் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேர்க்கையை வாங்க, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகம் உருவானது. இலங்கைத் தமிழர்கள் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் கோயில் மலர், பள்ளி மலர், இறந்தவருக்காக வெளியிடும் நினைவு மலர் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றுகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களை இழந்த சமூகம் அது. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அச்சில் வராதவை வேறு கணக்கு. செக்ரோல், கிராணி எழுதிய கடிதம், துரையின் அறிக்கை போன்றவற்றை நூலகத்தில் தேடாதீங்க. ஆவணக் காப்பகத்தில் தேடுங்க. பழைய நெகிரி செம்பிலான் அரசாங்கக் கோப்புகள் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கு. கம்பெனிக் காகிதங்கள் கடல் தாண்டியும் போயிருக்கு: மலாயாவில் பல தோட்டங்களை நிர்வகித்த ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு நிறுவனத்தின் ஆவணங்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. உங்க தாத்தாவின் ஒருநாள் கூலி எவ்வளவு என்பதற்கான தாள் தேம்ஸ் நதிக்கரை ஊரில் இருக்கலாம். அவர் எழுதிய கவிதை வந்த மலர் மந்தினில் பிஸ்கட் டின்னில் இருக்கலாம்.

*நீங்க செய்யக்கூடியது*

உங்க கோயில் குழுவோ பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கமோ இந்த ஆண்டு மலர் போடுதுன்னா, அச்சகத்துக்கு எண்ணிக்கை சொல்லும்போதே 5 பிரதி கூடச் சொல்லுங்க. ஐஎஸ்பிஎன் எண் கொடுப்பதும் தேசிய நூலகம்தான். அதற்கு விண்ணப்பிக்கும்போதே ஒப்படைப்பு பற்றியும் கேட்டுக்கலாம். மலரின் உள்பக்கத்தில் வெளியிட்டவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். ‘திருவிழா மலர்’ என்று மட்டும் போட்டால், பட்டியல் போடுகிறவர் பாவம், எந்த ஊர்த் திருவிழா என்று கண்டுபிடிக்க முடியாது.

பழைய மலர் கையில் இருந்தால், முதலில் தேசிய நூலகப் பட்டியலிலும் மலாயாப் பல்கலைக்கழக நூலகப் பட்டியலிலும் தேடிப் பாருங்க. இல்லையென்றால், நன்கொடையாக ஏற்பீர்களா என்று எழுதிக் கேளுங்க. கொடுக்க மனசு வரலைன்னாலும் பரவாயில்லை, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, ஒரே போனில் வைக்காமல் ரெண்டு மூணு பேரிடம் கொடுத்து வையுங்க. புகைப்படங்களின் பின்புறம் யார் யார் என்று பாட்டியிடம் கேட்டு மென்மையான பென்சிலால் எழுதுங்க. பேனா மை மறுபக்கம் ஊறிவிடும். பக்கம் கழன்ற மலரைக் காகித உறையில் போடுங்க. ரப்பர் பேண்டு மட்டும் போட்டுக் கட்டாதீங்க. நாளாக நாளாக அது இளகி, காகிதத்தோடு ஒட்டிக் கறையாக்கிவிடும். ஆமாம், ரப்பர்தான்.